போர்முனையில் ஒரு கேமரா: இரண்டு நிமிடச் செய்தியிலிருந்து நீதிமன்றம் வரை

2022 மார்ச் 9 அன்று உக்ரைனின் மரியுபோல் நகரில் ஒரு மகப்பேறு மருத்துவமனை மீது குண்டு விழுந்தது. அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தின் வீடியோ செய்தியாளர் மிஸ்திஸ்லாவ் செர்னோவும் புகைப்படக்காரர் எவ்கேனி மலோலெட்காவும் அங்கே ஓடினார்கள். ஸ்ட்ரெச்சரில் தூக்கிச் செல்லப்பட்ட கர்ப்பிணியின் படம் அங்கேதான் எடுக்கப்பட்டது. சரி, எடுத்தாயிற்று. வெளியே அனுப்புவது எப்படி? போரின் முதல் நாட்களில், சூறையாடப்பட்ட ஒரு மளிகைக் கடையருகே மட்டும் சிக்னல் கிடைத்தது. தினம் ஒருமுறை அங்கே போய், படிக்கட்டுக்குக் கீழே குந்தி உட்கார்ந்து படங்களை அனுப்பிவந்தார்கள். மார்ச் தொடக்கத்தில் அதுவும் போய்விட்டது. குண்டு விழுந்த அன்று ஒரு போலீஸ் அதிகாரிதான் மின்சாரமும் இணையமும் இருந்த இடத்துக்கு அவர்களை அழைத்துப்போனார். வீடியோவை 3 துண்டாக்கி, 3 செல்போன்களை வரிசையாக வைத்து இருட்டில் அனுப்பினார்கள். அனுப்பி முடிக்கப் பல மணி நேரம் பிடித்தது. அதற்குள் ஊரடங்கு தொடங்கி வெகுநேரம் ஆகியிருந்தது.

அந்தக் காட்சி உலகத் தொலைக்காட்சிகளில் ஓடியது. ஸ்ட்ரெச்சரில் இருந்த பெண்ணும் அவருடைய குழந்தையும் பிழைக்கவில்லை. ரஷ்யத் தரப்போ, படத்தில் இருப்பவர்கள் நடிகர்கள் என்றது. செர்னோவின் குழு மார்ச் 15 அன்று நகரை விட்டு வெளியேறியபோது அவரிடம் சுமார் 30 மணி நேரக் காட்சிகள் இருந்தன. அவற்றில் மிகச் சிறிய பகுதிதான் செய்தியாக வெளியே போயிருந்தது. மீதியைக் கொண்டு அவர் செய்த '20 டேஸ் இன் மரியுபோல்' என்ற ஆவணப்படம் 2023 ஜனவரியில் சன்டான்ஸ் விழாவில் திரையிடப்பட்டது. 2024 மார்ச்சில் உக்ரைனுக்கு முதல் ஆஸ்கரைப் பெற்றுத் தந்தது. இந்தப் படத்தை எடுக்கும் நிலையே வந்திருக்கக் கூடாது என்றுதான் அவர் அந்த மேடையில் பேசினார்.

செய்திக்காகப் போர்முனைக்குப் போய், ஆவணப்படமும் எடுப்பவர்களின் தொழில்வாழ்க்கை இப்படித்தான் இரண்டு வேகங்களில் ஓடுகிறது. அன்றிரவே போய்ச் சேர வேண்டிய இரண்டு நிமிடம் ஒரு பக்கம். வருடக்கணக்கில் பாதுகாத்து, சரிபார்த்து, மறுப்பவர்களுக்கு முன்னால் நிறுத்த வேண்டிய மணிக்கணக்கான காட்சிகள் மறுபக்கம். இந்தத் தொழிலைப் பற்றிப் பேசும்போது நாம் தைரியத்தைப் பற்றியே அதிகம் பேசுகிறோம். தைரியம் தேவைதான். ஆனால் ஒரு படம் எவ்வளவு காலம் நிற்கும் என்பதை முடிவுசெய்வது, குண்டு விழுந்த பிறகு நடக்கும் பொறுமையான வேலை. கண்ணுக்குத் தெரியாத அந்த வேலையைத்தான் இங்கே விளக்கப் பார்க்கிறேன்.

உள்ளே வரும் வழிகள்

போர்ச் செய்தியாளராகப் பயிற்சி தந்து அனுப்பும் ஒரே நேர்வழி என்று எதுவும் இருந்ததில்லை. பிபிசியின் கேட் ஏடி, டர்ஹம் உள்ளூர் வானொலியில் உதவியாளராகத் தொடங்கியவர். 1980 மே 5 அன்று லண்டனில் ஈரான் தூதரகத்தை மீட்க அதிரடிப்படை புகுந்தபோது பணிமுறையில் இருந்தவர் அவர்தான். ஒரு கார்க் கதவுக்குப் பின்னால் பதுங்கியபடி நேரலையில் பேசினார். அப்புறம் 1986இல் அமெரிக்கா குண்டு வீசிய திரிப்போலி, 1989இல் மாணவர் போராட்டம் ஒடுக்கப்பட்ட பெய்ஜிங் என்று பயணம் நீண்டது. ஒரு மாலை நேரப் பணிமுறை அவருடைய வாழ்க்கையையே திருப்பியது என்று சொன்னால் மிகையில்லை.

ஆஸ்திரேலியரான நீல் டேவிஸ் வேறு வகை. டாஸ்மேனிய அரசின் திரைப்படப் பிரிவில் கேமரா கற்றவர், 1964இல் விஸ்நியூஸ் நிறுவனத்துக்காகத் தென்கிழக்கு ஆசியாவுக்கு வந்தார். வியட்நாமில் மற்றவர்கள் அமெரிக்கப் படைகளோடு ஹெலிகாப்டர் ஏறியபோது, அவர் பெரும்பாலும் தென்வியட்நாமியப் படைகளோடு நடந்தார். சண்டையின் பெரும்பாரத்தைச் சுமந்தவர்கள், திரையில் முகமே காட்டப்படாதவர்கள் அவர்கள்தான் என்பது அவர் கணக்கு. 1975 ஏப்ரல் 30 அன்று தென்வியட்நாமின் தலைநகர் சைகோனில் ஜனாதிபதி மாளிகையின் வாயிற்கதவை இடித்துக்கொண்டு டாங்கி நுழைந்தபோது உள்ளே கேமராவோடு நின்றவரும் அவரே. பத்து வருடம் கழித்து, 1985 செப்டம்பர் 9 அன்று, பாங்காக்கில் தோற்றுப்போன ஒரு ராணுவக் கலகத்தின்போது குண்டுச்சிதறல் பட்டு இறந்தார். கீழே விழுந்த பிறகும் அவர் கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றாவது வழி, போர் தன் ஊருக்கே வந்துசேர்வது. நைரோபியில் பிறந்த முகமது அமீன் 1963இல் கேமராபிக்ஸ் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கி, ஆப்பிரிக்காவின் கலகங்களையும் உள்நாட்டுப் போர்களையும் படமெடுத்து உலக நிறுவனங்களுக்குக் கொடுத்துவந்தார். 1984 அக்டோபரில் எத்தியோப்பியாவின் கோரம் முகாமில் அவர் எடுத்த பஞ்சக் காட்சிகள், நிருபர் மைக்கேல் பர்க்கின் குரலோடு பிபிசியில் வந்தன. உள்நாட்டுப் போரும் வறட்சியும் சேர்ந்து மனிதர்களைக் கொன்றுகொண்டிருந்ததை உலகம் அன்றுதான் கண்கொண்டு பார்த்தது. மறுவருடம் பஞ்ச நிவாரணத்துக்காக நடந்த லைவ் எய்ட் இசைநிகழ்ச்சி வரை அந்த அலை போனது. பர்க்கின் பெயர் பரவிய அளவுக்கு அமீனின் பெயர் பரவவில்லை. 1991இல் அடிஸ் அபாபாவில் ஒரு வெடிமருந்துக் கிடங்கு வெடித்ததில் அமீன் இடது கையை இழந்தார். கூட இருந்த ஒலிப்பதிவாளர் ஜான் மதாய் உயிரிழந்தார். செயற்கைக் கையோடு அமீன் மறுபடியும் கேமராவைத் தூக்கினார். 1996இல் கடத்தப்பட்ட எத்தியோப்பிய விமானம் கொமொரோஸ் கடலில் விழுந்தபோது இறந்தவர்களில் அவரும் ஒருவர்.

செய்தியின் நேரம், படத்தின் நேரம்

வியட்நாம் காலத்தில் 16 மில்லிமீட்டர் ஃபிலிம் சுருளை விமானத்தில் ஏற்றி அனுப்புவார்கள். அது போய்ச் சேர்ந்து, கழுவப்பட்டு, ஒளிபரப்பாக ஓரிரு நாட்கள் ஆகும். அந்த இடைவெளி செய்தியாளருக்கு ஒரு சுதந்திரம் தந்தது: சுருள் கிளம்பிய பிறகு அவர் மறுபடியும் களத்துக்குப் போகலாம். வளைகுடாப் போர் தொடங்கிய 1991 ஜனவரி 17 அதிகாலையில் பாக்தாதின் அல் ரஷீத் ஹோட்டலிலிருந்து சிஎன்என் செய்தியாளர்கள் மூவர் குண்டுவீச்சை நேரலையில் விவரித்தபோது அந்த இடைவெளி மறைந்துபோனது. இன்று முதுகுப்பையில் பல சிம் கார்டுகள் கொண்ட கருவி ஒன்றைச் சுமந்தால், செல்போன் சிக்னல் உள்ள எங்கிருந்தும் நேரலை தரலாம்.

இதில் ஒரு இழப்பும் இருக்கிறது. மணிக்கொரு முறை நேரலையில் தோன்ற வேண்டிய நிருபர், சிக்னல் நன்றாகக் கிடைக்கும் ஹோட்டல் மொட்டைமாடியை விட்டு நகர முடியாது. ஊரில் என்ன நடக்கிறது என்பதை அவரே ஏஜென்சிச் செய்திகளைப் படித்துத்தான் தெரிந்துகொள்கிறார். திரையில் பின்னணியில் புகை தெரியும், குரலில் அவசரம் இருக்கும், புதிதாக ஒரு தகவலும் இருக்காது. பல செய்தியாளர்கள் ஒரு கட்டத்தில் ஆவணப்படத்தின் பக்கம் திரும்புவதற்குப் புகழைவிட இந்தச் சலிப்புதான் பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன்.

ஆவணப்படம் என்ன தருகிறது? நேரம் தருகிறது. டிம் ஹெதரிங்டனும் செபாஸ்டியன் ஜங்கரும் 2007, 2008இல் ஆப்கானிஸ்தானின் கொரெங்கல் பள்ளத்தாக்கில் ஒரு அமெரிக்கப் படைப்பிரிவோடு பலமுறை போய்த் தங்கினார்கள். அப்படி உருவான 'ரெஸ்ட்ரெப்போ' 2010இல் வந்தது. அதில் பின்னணிக் குரல் இல்லை, ஜெனரல்களின் பேட்டி இல்லை. சண்டை நடக்கும் நிமிடங்களைவிடச் சண்டைக்காகக் காத்திருக்கும் சலிப்பும், பயமும், நண்பன் இறந்த பிறகு வரும் அழுகையும்தான் அதிகம். ஒரு நாள் மட்டும் வந்துபோகிற கேமராவுக்கு முன்னால் ஒரு சிப்பாய் அப்படி அழமாட்டார்.

ஆனால் படையோடு சேர்ந்து தங்குவதற்கு ஒரு விலை உண்டு. 2003 ஈராக் படையெடுப்பில் 600க்கும் மேற்பட்ட செய்தியாளர்கள் படைப்பிரிவுகளோடு இணைக்கப்பட்டார்கள். உணவு, வாகனம், பாதுகாப்பு எல்லாம் படையிடமிருந்து வருகிறது. சுடப்படுவது நீங்களும் அவர்களும் சேர்ந்தே. இந்த நிலையில் எதிர்ப்பக்கத்து வீட்டில் யார் இறந்தார்கள் என்று கேட்கும் கேள்வி மெல்ல மங்கிவிடும். அதனால் தனியே போகத் துணிந்தவர்களும் இருந்தார்கள். பிரிட்டிஷ் தொலைக்காட்சிச் செய்தி நிறுவனமான ஐடிஎன்னின் நிருபர் டெர்ரி லாயிட் அப்படிப் போனவர். 2003 மார்ச் 22 அன்று பாஸ்ரா அருகே இரு தரப்புச் சண்டைக்கு நடுவே சிக்கிக் கொல்லப்பட்டார். அமெரிக்கப் படையினரின் குண்டால் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார் என்று 2006இல் பிரிட்டிஷ் மரண விசாரணை நீதிமன்றம் முடிவுசெய்தது.

பெயர் வராதவர்கள்

லாயிடோடு அன்று லெபனானைச் சேர்ந்த மொழிபெயர்ப்பாளர் ஹுசைன் உஸ்மானும் இறந்தார். பிரெஞ்சு ஒளிப்பதிவாளர் ஃபிரெடெரிக் நெராக் திரும்பி வரவேயில்லை. இந்த இருவரின் பெயரும் எத்தனை பேருக்குத் தெரியும்? 1979 ஜூன் 20 அன்று நிகரகுவாவின் மனாகுவாவில் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சி நிருபர் பில் ஸ்டூவர்ட்டை ஒரு தேசியக் காவல்படைச் சிப்பாய் மண்டியிடச் சொல்லி, படுக்கவைத்துச் சுட்டுக் கொன்றான். வேனிலிருந்த ஒளிப்பதிவாளர் அதைப் படமெடுத்தார். அந்தக் காட்சி அமெரிக்க வீடுகளில் ஓடியதும், நிகரகுவாவின் சர்வாதிகாரி சோமோசாவின் ஆட்சிக்கு அங்கே மிச்சமிருந்த ஆதரவும் கரைந்தது. ஒரு மாதத்துக்குள் சோமோசா நாட்டை விட்டு ஓடினார். அன்று ஸ்டூவர்ட்டின் நிகரகுவா மொழிபெயர்ப்பாளர் ஹுவான் எஸ்பினோசாவும் கொல்லப்பட்டார். அவர் சாவைக் காட்டும் படம் இல்லை. அதனால் நினைவும் இல்லை.

தொழில் வட்டாரத்தில் 'ஃபிக்ஸர்' என்று சொல்லப்படும் உள்ளூர் ஆள் இல்லாமல் போர்முனையில் ஒரு வெளிநாட்டுக் குழுவும் ஒரு நாள்கூட வேலை செய்ய முடியாது. யாரிடம் பேசலாம், எந்தச் சாலையில் போகலாம், சோதனைச்சாவடியில் நிற்பவன் எந்தப் பிரிவைச் சேர்ந்தவன், எந்தக் கேள்வியை எப்படிக் கேட்டால் வீட்டுக்காரர் கோபப்படமாட்டார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். பல நேரங்களில் செய்தியைக் கண்டுபிடிப்பவரே அவர்தான். 2007 மார்ச்சில் ஆப்கானிஸ்தானில் இத்தாலியச் செய்தியாளர் ஒருவரோடு ஃபிக்ஸர் அஜ்மல் நக்ஷ்பந்தியும் ஓட்டுநரும் தாலிபான்களால் கடத்தப்பட்டார்கள். ஓட்டுநர் கொல்லப்பட்டார். கைதிகளை விடுவித்து இத்தாலியர் மீட்கப்பட்டார். அஜ்மல் ஏப்ரலில் கொல்லப்பட்டார். வெளிநாட்டவரின் உயிருக்காக அரசுகள் பேரம் பேசும், உள்ளூர்க்காரருக்காகப் பேச ஆளில்லை என்ற கசப்பு அன்று காபூல் செய்தியாளர்களிடையே வெளிப்படையாகவே எழுந்தது. அது இன்னும் தீரவில்லை.

உள்ளூர்ச் செய்தியாளருக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. வேலை முடிந்ததும் விமானம் ஏற அவருக்கு வழியில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து பிபிசிக்குச் செய்தி தந்துவந்த மயில்வாகனம் நிமலராஜன் 2000 அக்டோபர் 19 இரவு, ஊரடங்கு நேரத்தில், ராணுவக் கட்டுப்பாட்டில் இருந்த பகுதியில், தன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ஜன்னல் வழியாகச் சுட்டார்கள். மேசையில் எழுதிக்கொண்டிருந்தார். இந்தக் கொலைக்காக இதுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை.

உயிர் காக்கும் சில நிமிடங்கள்

யூகோஸ்லாவியா சிதறியபோது நடந்த பால்கன் போர்களுக்குப் பிறகு, 1990களில்தான் செய்தியாளர்களுக்கான ஆபத்துக்காலப் பயிற்சி வழக்கமானது. முன்னாள் ராணுவத்தினர் நடத்தும் சில நாள் வகுப்புகள் அவை: துப்பாக்கிச் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று அறிவது, கண்ணிவெடி இருக்கக்கூடிய தரையைப் படிப்பது, கடத்தப்பட்டால் நடந்துகொள்ளும் முறை, முதலுதவி. பெரிய ஒளிபரப்பு நிறுவனங்கள் இந்தப் பயிற்சி இல்லாமல் தங்கள் ஊழியர்களைப் போருக்கு அனுப்புவதில்லை. எந்த நிறுவனத்திலும் ஊழியராக இல்லாமல் சொந்தச் செலவில் போகும் ஃப்ரீலான்சர்களோ நீண்ட காலம் இதற்கு வெளியேதான் இருந்தார்கள்.

அதன் விளைவு 2011 ஏப்ரல் 20 அன்று லிபியாவின் மிஸ்ராத்தாவில் தெரிந்தது. டிம் ஹெதரிங்டன் தொடைப் பகுதியில் குண்டுச்சிதறல் பட்டு, மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியில் ஒரு பிக்கப் வண்டியின் பின்புறத்தில் ரத்தம் போய் இறந்தார். அதே தாக்குதலில் புகைப்படக்காரர் கிறிஸ் ஹோண்ட்ரோஸும் இறந்தார். தொடைத் தமனி அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். ஆனால் ரத்தப்போக்கைத் தடுக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் அந்த நிமிடங்களை நீட்டிக்க முடியும். காயத்துக்குச் சற்று மேலே, இதயத்தின் பக்கமாக, பட்டையை இறுக்கிக் கட்டி, அதிலுள்ள குச்சியைத் திருகி, ரத்தம் நிற்கும்வரை விடாமல் திருக வேண்டும். பட்டை கட்ட முடியாத இடுப்பு மடிப்பில் காயம் என்றால் துணியைத் திணித்து முழு உடல் எடையோடு அழுத்த வேண்டும். அன்று சுற்றியிருந்தவர்களுக்கு இது தெரியவில்லை. நண்பரை இழந்த ஜங்கர், ஃப்ரீலான்ஸ் செய்தியாளர்களுக்கு இதைக் கற்றுத்தருவதற்காகவே ஆர்ஐஎஸ்சி என்ற அமைப்பைத் தொடங்கினார். இவ்வளவு எளிய ஒரு விஷயத்தைப் பரவலாக்க ஒருவர் சாக வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

2012இல் சிரியாவில் கடத்தப்பட்டு 2014 ஆகஸ்டில் கொல்லப்பட்ட ஜேம்ஸ் ஃபோலியும் ஃப்ரீலான்சர்தான். அதன் பிறகு பிரெஞ்சுச் செய்தி நிறுவனமான ஏஎஃப்பி ஒரு முடிவெடுத்தது: எங்கள் ஊழியரை அனுப்பத் துணியாத இடத்திலிருந்து ஃப்ரீலான்சர் கொண்டுவரும் படத்தை வாங்க மாட்டோம். சந்தை இருந்தால் இளைஞர்கள் ஆபத்துக்குள் இழுக்கப்படுவார்கள் என்பது அதன் நியாயம். 2015இல் பல நிறுவனங்கள் சேர்ந்து ஃப்ரீலான்சர் பாதுகாப்புக்கான பொது நெறிகளையும் வகுத்தன. நெறிகள் நல்லவைதான். காப்பீட்டுக்கான பணம் யார் கையிலிருந்து வருகிறது என்பதில்தான் அவை இன்னும் தடுமாறுகின்றன.

சட்டம் என்ன சொல்கிறது? ஜெனீவா உடன்படிக்கைகளின் 1977ஆம் ஆண்டு முதல் கூடுதல் நெறிமுறையின் 79ஆம் பிரிவு, போர்ப் பகுதியில் வேலை செய்யும் செய்தியாளரைப் பொதுமக்களில் ஒருவராகக் கருதச் சொல்கிறது. ஒரு படையின் அனுமதி அட்டையோடு கூடவே போகும் போர்ச் செய்தியாளர் பிடிபட்டால் அவருக்குப் போர்க்கைதிக்குரிய உரிமைகளும் உண்டு. ஐநா பாதுகாப்புச் சபை 2006இலும் 2015இலும் இதை வலியுறுத்தித் தீர்மானம் போட்டது. காகிதத்தில் குறையில்லை. ஆனால் செய்தியாளர் கொலைகளில் சுமார் 85 சதவீதம் தண்டனையின்றியே கிடக்கின்றன என்கிறது யுனெஸ்கோ. பிரிட்டிஷ் ஆவணப்பட இயக்குநர் ஜேம்ஸ் மில்லர் 2003 மே 2 இரவு காசாவின் ராஃபாவில், வெள்ளைக் கொடி பிடித்து, அந்தக் கொடி தெரிய விளக்கடித்துக்கொண்டு நடந்துபோனபோது ஒரு இஸ்ரேலியச் சிப்பாயால் சுடப்பட்டார். அந்த நிமிடமும் கேமராவில் பதிவானது. சட்டவிரோதக் கொலை என்று லண்டன் மரண விசாரணை 2006இல் சொன்னது. சுட்டவர் மீது கொலை வழக்கு எதுவும் நடக்கவில்லை.

படம் சாட்சியாகும்போது

இனி, இந்தத் தொழிலில் மிகக் குறைவாகப் பேசப்படும் பகுதிக்கு வருகிறேன். 1992 ஆகஸ்டில் போஸ்னியாவில் செர்பியத் தரப்பு நடத்திய ஒமார்ஸ்கா, திர்னோபோல்யே முகாம்களுக்குள் ஐடிஎன் நிருபர் பென்னி மார்ஷலும் பிரிட்டனின் சேனல் 4 நியூஸ் நிருபர் இயான் வில்லியம்ஸும் நுழைந்தார்கள். முள்வேலிக்குப் பின்னால் எலும்பும் தோலுமாக நின்ற மனிதர்களின் காட்சி உலகை உலுக்கியது. ஐந்து வருடம் கழித்து ஒரு பிரிட்டிஷ் இதழ், அந்தக் காட்சி பார்ப்பவரை ஏமாற்றுவதற்காகவே எடுக்கப்பட்டது என்று எழுதியது. ஐடிஎன் அவதூறு வழக்குத் தொடுத்தது. வெட்டித் தொகுக்கப்படாத மூல நாடாக்கள் வந்தன. முகாமில் அடைபட்டிருந்த மருத்துவர் லண்டனுக்கே வந்து சாட்சி சொன்னார். 2000 மார்ச்சில் ஐடிஎன் தரப்புக்கு 3,75,000 பவுண்டு இழப்பீடு வழங்க நடுவர் குழு தீர்ப்பளித்தது. அன்று ஒளிபரப்பானதை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அழித்திருந்தால் அந்த வழக்கு எப்படிப் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

படம் சாட்சியாகலாம். எடுத்தவரே சாட்சிக்கூண்டில் ஏற வேண்டுமா? இதில் தொழிலுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. பிபிசியின் மார்ட்டின் பெல் போன்றவர்கள் யூகோஸ்லாவியப் போர்க்குற்றங்களை விசாரிக்க ஹேக் நகரில் இருந்த ஐநா தீர்ப்பாயத்தில் சாட்சி சொன்னார்கள். வாஷிங்டன் போஸ்ட் நிருபராக இருந்த ஜோனதன் ராண்டல் மறுத்தார். நாளை நீதிமன்றத்தில் எதிராக நிற்கப்போகிறவன் என்று தெரிந்தால் எந்தத் தளபதியும் செய்தியாளரிடம் பேசமாட்டான், உள்ளே விடவும் மாட்டான் என்பது அவர் பக்கத்து வாதம். 2002 டிசம்பரில் அந்தத் தீர்ப்பாயத்தின் மேல்முறையீட்டு அமர்வு ஒரு நடுவழி கண்டது: வழக்கின் மையக் கேள்விக்கு அந்தச் சாட்சியம் நேரடியாக முக்கியமானதாக இருந்து, வேறு எங்கும் கிடைக்காது என்றால் மட்டுமே போர்ச் செய்தியாளரைக் கட்டாயப்படுத்தலாம். நியாயமான வழி என்றே எனக்குப் படுகிறது. வேறு யாருமே பார்த்திராத ஒரு கொலையைப் பார்த்துவிட்டு வாய்மூடி இருப்பதை நடுநிலை என்று சொல்ல முடியாது.

சரி, எந்தச் செய்தியாளரையும் உள்ளே விடாத போரில் என்ன செய்வது? தமிழ் வாசகர்களுக்கு இந்தக் கேள்வியின் பதில் வலியோடு தெரியும். 2008 செப்டம்பரில் ஐநா பணியாளர்கள் கிளிநொச்சியிலிருந்து வெளியேறினார்கள், போகாதீர்கள் என்று மக்கள் வாசலில் நின்று கெஞ்சியதையும் மீறி. அதன் பிறகு 2009 மே வரை வன்னிக்குள் சுயேச்சையான ஒளிபரப்புக் குழு எதுவும் இல்லை. இருந்தவை, உள்ளே சிக்கிய மக்கள் எடுத்த காட்சிகளும், வென்ற சிப்பாய்கள் தங்கள் செல்போனில் எடுத்துவைத்த காட்சிகளும்தான். கட்டப்பட்ட கைகளோடு நிர்வாணமாக இருந்தவர்களைச் சுட்டுக் கொல்லும் ஒரு காட்சியைச் சேனல் 4 நியூஸ் 2009 ஆகஸ்ட் 25 அன்று ஒளிபரப்பியது. போலி என்றது இலங்கை அரசு.

அங்கே தொடங்கியது அலுப்பூட்டும், ஆனால் எல்லாவற்றையும் தீர்மானித்த வேலை. ஐநாவின் சிறப்பு அறிக்கையாளர் ஃபிலிப் ஆல்ஸ்டன் 3 நிபுணர்களை அமர்த்தினார்: ஒருவர் தடயவியல் மருத்துவம், ஒருவர் வீடியோ ஆய்வு, ஒருவர் துப்பாக்கி. சுடும்போது துப்பாக்கி பின்வாங்கும் விதம், உடல் சரியும் விதம், காட்சியில் வெட்டு ஒட்டு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். காட்சி உண்மையானது என்பதையே அவர்களின் முடிவுகள் காட்டுவதாக 2010 ஜனவரியில் ஆல்ஸ்டன் அறிவித்தார்.

கேலம் மக்ரே இயக்கிய 'ஸ்ரீலங்காஸ் கில்லிங் ஃபீல்ட்ஸ்' 2011 ஜூன் 14 அன்று சேனல் 4இல் வந்தது. வன்னியில் அவர் ஒரு ஷாட்கூட எடுக்கவில்லை, எடுக்க வாய்ப்பே தரப்படவில்லை. மற்றவர்கள் எடுத்ததைத் தேடி, எங்கே, எப்போது, யார் எடுத்தது என்று நிறுவி, தப்பிவந்தவர்களின் வாக்குமூலத்தோடு பொருத்தியதுதான் அவர் வேலை. அப்புறம் 2013இல் 'நோ ஃபயர் சோன்' வந்தது. அதே ஆண்டு நவம்பரில் காமன்வெல்த் மாநாட்டுக்காகக் கொழும்பு போனபோது, வடக்கே கிளம்பிய அவருடைய குழுவின் ரயிலை அனுராதபுரத்தில் ஆர்ப்பாட்டக்காரர்கள் மறித்தார்கள். குழு கொழும்புக்கே திருப்பி அனுப்பப்பட்டது. ஒரே விஷயத்தை விடாமல் பிடித்துக்கொண்டு வருடக்கணக்கில் நிற்கும் இயக்குநரைச் சிலர் செயற்பாட்டாளர் என்று சொல்லி ஒதுக்குவார்கள். நான் அதை ஏற்கவில்லை. தான் காட்டியது சவாலுக்குள்ளாகும்போது மேலும் ஆதாரம் தேடிப் போவது செய்தியாளரின் கடமை. சட்டரீதியான விளைவு மெதுவாகத்தான் வருகிறது. 2015இல் ஐநா மனித உரிமை அலுவலகத்தின் விசாரணை அறிக்கை வந்தது. 2021 மார்ச்சில் ஐநா மனித உரிமைப் பேரவையின் 46/1 தீர்மானம் மூலம் ஆதாரங்களைத் திரட்டிப் பாதுகாக்கும் பணி அந்த அலுவலகத்திடமே ஒப்படைக்கப்பட்டது. குற்றவாளிக்கூண்டில் யாரும் இன்னும் ஏறவில்லை.

ஒரு பதிவு எவ்வளவு காலம் காத்திருக்கக்கூடும் என்பதற்கு இன்னொரு சான்று மியான்மரில் உண்டு. 2007 செப்டம்பர் 27 அன்று யாங்கோன் போராட்டத்தைப் படமெடுத்துக்கொண்டிருந்த ஜப்பானியச் செய்தியாளர் கென்ஜி நாகாய் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் கையிலிருந்த கேமரா காணாமல் போனது. 2023 ஏப்ரலில், ஏறத்தாழ 16 வருடம் கழித்து, டெமாக்ரடிக் வாய்ஸ் ஆஃப் பர்மா என்ற ஊடகம் அதைக் கண்டெடுத்துப் பாங்காக்கில் அவருடைய சகோதரியிடம் ஒப்படைத்தது. நாடா உள்ளேயே இருந்தது.

பார்த்தவர்களுக்கு என்ன ஆகிறது

மனநல மருத்துவர் ஆன்டனி ஃபைன்ஸ்டைன் 140 போர்ச் செய்தியாளர்களை ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், அவர்களில் 28.6 சதவீதம் பேர் வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் நோய்க்கு ஆளானவர்கள் என்று தெரிந்தது. சாதாரணச் செய்தியாளர்களைவிட மிக அதிகம். குடிப்பழக்கமும் மனச்சோர்வும் அப்படியே. ஆவணப்படம் எடுப்பவருக்குச் சுமை இன்னும் கூடுதல் என்பது என் எண்ணம். செய்தியாளர் ஒரு சாவை ஒருமுறை பார்க்கிறார். ஆவணப்படக்காரர் அதை எடிட்டிங் மேசையில் மாதக்கணக்கில், முன்னும் பின்னும் ஓட்டி ஓட்டிப் பார்க்கிறார். களத்துக்கே போகாமல் கணினி முன் உட்கார்ந்து மக்கள் அனுப்பும் வீடியோக்களைச் சரிபார்ப்பவர்களும் பாதிக்கப்படுகிறார்கள் என்பதையும் ஃபைன்ஸ்டைனே பின்னர் ஆராய்ந்து காட்டினார். ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பது, கொடூரமான பகுதியை ஒருவர் மட்டும் பார்த்துக் குறிப்பெடுத்து மற்றவர்களைத் தவிர்க்கச் சொல்வது என்று சில நடைமுறைகளைச் செய்தி அறைகள் இப்போதுதான் பழகிவருகின்றன.

இந்தப் பழக்கம் இனி எல்லோருக்கும் தேவைப்படும். ஏனென்றால் வன்னியில் நடந்தது விதிவிலக்காக நிற்கவில்லை. 2023 அக்டோபரில் போர் தொடங்கிய பிறகு, வெளிநாட்டுச் செய்தியாளர்கள் சுதந்திரமாகக் காசாவுக்குள் நுழைய இஸ்ரேல் அனுமதிக்கவில்லை. நாம் பார்த்த காட்சிகளையெல்லாம் எடுத்தவர்கள் அங்கேயே வாழும் பாலஸ்தீனச் செய்தியாளர்கள். காலையில் படம் எடுத்து, மாலையில் தங்கள் பிள்ளைகளுக்கு மாவு தேடியவர்கள். செய்தியாளர் பாதுகாப்புக் குழுவான சிபிஜே 1992இல் கணக்கெடுக்கத் தொடங்கியதிலிருந்து வேறு எந்தப் போரிலும் இத்தனை செய்தியாளர்கள் கொல்லப்பட்டதில்லை. 2025 ஜூலையில் ஏஎஃப்பி, ஏபி, பிபிசி, ராய்ட்டர்ஸ் நான்கும் சேர்ந்து ஒரு அறிக்கை விட்டன: எங்களுக்காகக் காசாவில் வேலை செய்பவர்கள் தங்களுக்கும் குடும்பத்துக்கும் உணவு தேட முடியாத நிலையில் இருக்கிறார்கள், செய்தியாளர்கள் காசாவுக்குள் போகவும் வெளியே வரவும் இஸ்ரேல் அனுமதிக்க வேண்டும்.

அவர்கள் எடுத்த ஆயிரக்கணக்கான மணி நேரக் காட்சிகளையும் யாரோ ஒருவர் நாளை போலி என்பார். அப்போது தேவைப்படுவது மூலக் கோப்பு, எடுத்த நாள், எடுத்த இடம், எடுத்தவரின் வாக்குமூலம். எடுத்தவர் உயிரோடு இல்லாத இடங்களில் அந்த வாக்குமூலத்தை யாரிடம் வாங்குவது என்ற கேள்வியோடுதான் அடுத்த தலைமுறை ஆவணப்படக்காரர்கள் இந்தத் தொழிலுக்குள் நுழைகிறார்கள்.